மணிக்கட்டு வரை

ஏரியின் மேல் லாரி ஓடும் மாதம்.
குவோப்பியோவுக்கு வடக்கே, படகுக் கிளப்பின் பின்னால்,
அத்தனை வெள்ளையிலும் ஒரு சதுரம் மட்டும்
உறையாமல் கறுத்துக் கிடக்கிறது,
பல் பிடுங்கிய இடம் மாதிரி.

அது தானாகத் திறந்திருப்பதில்லை.
அடியில் ஒரு பம்பு இரவெல்லாம்
நீரைத் தூங்கவிடாமல் கிளறுகிறது.
விடிகாலை ஐந்துக்கு ஒருவர் வந்து
ஓரங்களில் படிந்த புதுப் பனிக்கட்டியைக்
கடப்பாரையால் தட்டி, வலைக்கரண்டியால் அரித்தெடுக்கிறார்.
பெயர் ஓய்வா.
பின்லாந்தில் அது வெறும் பெயர்.
நம் காதில்தான் கேள்வியாக விழுகிறது.

பத்தொன்பது குளிர்காலம் இதில் இறங்கியவர்.
மரக்கட்டை லாரி ஓட்டி மரத்துப்போன இடுப்பை
இங்கே கொண்டுவந்து ஊறவைத்தவர்.
அக்டோபரில் நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட்.
கணினியைப் பார்த்தபடியே டாக்டர் சொன்னாள்:
சூடு, அளவோடு, பார்க்கலாம்.
ஏரி வேண்டாம்.
இந்த வருஷம் மட்டுமா என்றார்.
அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

சாவி இன்னும் அவரிடம்தான்.

ஆறு மணிக்கு மற்றவர்கள் வருகிறார்கள்.
சவுனாவுக்குள் எண்பத்தைந்து டிகிரி.
கல்லின் மேல் ஓர் அகப்பை ஊற்றினால்
சீறி எழுந்து தோளில் வந்து உட்காருகிறது ஆவி.
அதை லோய்லு என்கிறார்கள்;
ரொம்பப் பழைய காலத்தில் அதே சொல்லுக்கு
உயிர் என்று அர்த்தம் இருந்ததாம்.
மூக்கு நுனியில் வியர்வை திரண்டு சொட்டுகிறது.
யாரும் பேசுவதில்லை.
தபால் பிரிக்கும் தெல்லெர்வோ,
முழங்கால் வீங்கிய ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் யார்க்கோ,
மூன்று மாதமாகத் தூக்கம் வராத மிர்க்கா.
ஏன் வரவில்லை என்று இங்கே எவரும் கேட்டதில்லை.

பிறகு கதவு.
கம்பளித் தொப்பியும் நீச்சலுடையுமாக
மைனஸ் இருபத்திரண்டில் ஆவி பறக்க நடக்கிறார்கள்,
தட்டிலிருந்து எடுத்த இட்லிகள்போல.

ஏணி. முதல் படியில் கணுக்கால், மூன்றாவதில் தொடை,
அப்புறம் படி இல்லை.
திருடனைக் கண்டதுபோல் நெஞ்சு ஒரு தரம் கத்தும்.
"விடு. இழுக்காதே. மூச்சை வெளியே விடு,"
என்று பெஞ்சில் உட்கார்ந்தபடி ஓய்வா
எண்ணத் தொடங்குகிறார்.
பதினைந்து வரை உடம்பு வழக்காடும்.
இருபதில் விரல்கள் வேறு யாருடையவோ ஆகும்.
நாற்பதில்
என்னமோ ஒன்று நிற்கிறது.
வீட்டுக்கடன், முழங்கால், ராத்திரி மூன்று மணி,
ஒன்றுக்கும் அந்தச் சதுரத்தில் கால் வைக்க இடமில்லை.
அறுபது என்றதும் ஏறி வருகிறார்கள்
வேகவைத்த நண்டு நிறத்தில்,
காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு.
துண்டை நீட்டுகிறார்.
மறுபடி உள்ளே. மறுபடி வெளியே. மூன்று சுற்று.

இதனால் ஆயுசு கூடுமா என்றால்
தெல்லெர்வோ தோளைக் குலுக்குவாள்.
போன வருஷம் அவளால் அதைக் குலுக்க முடியாது.

நாம் சுடுதண்ணீர் என்கிறோம்.
சுடுவதும் தண்ணென்றிருப்பதும் ஒரே சொல்லில்
சண்டையில்லாமல் குடியிருக்கின்றன.
கவனிக்காமல்
டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டுப் போகிறோம்.

நேற்று எல்லோரும் போனபின்
மறந்துவைத்த கையுறைக்காக மிர்க்கா திரும்பி வந்தாள்.
விளக்கு அணைந்திருந்தது.
ஓய்வா சதுரத்தின் ஓரத்தில் மண்டியிட்டிருந்தார்.
கைக்கடிகாரம் கழன்று பனிமேல் கிடந்தது.
கோட்டுக் கையைச் சுருட்டிவிட்டு
வலது கையை நீருக்குள் விட்டிருந்தார்,
மணிக்கட்டு வரை.
உதடு அசைந்தது.
இருபத்தேழு. இருபத்தெட்டு.

அவளுக்கு டாக்டரின் ஞாபகம் வந்தது.
ஒன்றும் சொல்லவில்லை.
போய்ப் பக்கத்தில் குந்தி
இருபத்தொன்பதிலிருந்து
உரக்க எண்ணினாள்.
அறுபது வந்ததும் துண்டை நீட்டினாள்.

கையைச் சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.
சுடுகிறது, என்றார்.

கையுறை இன்றைக்கும் கிளப் ஆணியில் தொங்குகிறது.